"அநியாயம்" என்று சொல்லுமுன் எண்ணிப் பார்ப்போம்



கொஞ்சம் நீளமான பதிவு. உயர்தரம் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டார், ஆசிரியர்கள், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்போர், பழைய மாணவர் சங்கக்காரர்கள் பொறுமையாக வாசியுங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள்.

உயர்தரப் பெறுபேறு வந்தால் எங்கள் குழுமங்களில் முதல் மூன்று நாளும் வாழ்த்துப் படங்கள்தான். பிறகு வெட்டுப்புள்ளி வெளியாகும். அன்றிலிருந்து வேறு வகைச் செய்திகள் தொடங்கும். "இம்முறையும் எங்கள் பிள்ளைகளுக்கு அநியாயம்." "கெம்பஸ் போகும் முஸ்லிம் பிள்ளைகளின் தொகையைத் திட்டமிட்டுக் குறைக்கிறார்கள்." யார் எடுத்த கணக்கு, எந்த வருடத்தோடு ஒப்பிட்டது என்று ஒன்றும் இருக்காது. ஆனால் அஸருக்கு அக்குறணையில் எழுதியது மஃரிபுக்குள் மடவளை, கம்பளை, நாவலப்பிட்டி எல்லாம் போய்விடும்.

மற்றவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானும் அப்படிப் பேசியவன்தான். ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு ஊர்க் கூட்டத்தில் கல்வி பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பேராதனை எங்கள் வாசலில் இருக்கிறது, ஆனால் உள்ளே எங்கள் பிள்ளைகள் இல்லை, எங்கள் பங்கு எங்கே போகிறது என்று உரத்த குரலில் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டம் முடிந்து செருப்புப் போடும்போது என்னிடம் படித்த ஒரு பையன் வந்து ஸலாம் சொன்னான். இப்போது பேராதனையில் விஞ்ஞான பீடத்தில் படிக்கிறான். மெதுவாகக் கேட்டான்: "சேர், எங்கட ஊர்ல இந்த முறை எத்தன பேர் எழுதின? அதுல எத்தன பேர் சயன்ஸ் செஞ்ச? தகுதி இருந்தும் வெட்டுப்புள்ளியால தவறின எத்தன பேர்?"

மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் படிப்பிக்கிறேன். என் சொந்தப் பாடசாலையின் கணக்குக்கூடத் தெரியாமல்தான் ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறேன். அன்றிரவு வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த விடுமுறையில் கொஞ்சம் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பழைய கதை. இதைத் தெரியாமல் இன்றைய சண்டை விளங்காது.

எழுபதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் "தரப்படுத்தல்" வந்தது. 1971 அனுமதிக்குப் பொறியியலுக்குச் சிங்கள மொழிமூலம் எழுதியவர் எடுக்க வேண்டிய ஆகக் குறைந்த புள்ளி 227. தமிழ் மொழிமூலம் எழுதியவருக்கு 250. மருத்துவத்துக்கு 229, 250. கேள்வி ஒன்று, பாடத்திட்டம் ஒன்று. எழுதிய மொழியைப் பார்த்து வெட்டுப்புள்ளி மாறியது. பிறகு 1973இல் மொழிவாரியாகப் புள்ளிகளைச் சமப்படுத்தும் முறையும் 1974இல் மாவட்டக் கோட்டாவும் வந்தன. பொறியியலுக்குப் போன இலங்கைத் தமிழ் மாணவரின் பங்கு 1973இல் 24 வீதமளவில் இருந்தது. அடுத்த வருடமே 16 வீதமளவுக்கு விழுந்தது. அதன் கோபம் வடக்கில் எங்கே போய் நின்றது என்று எல்லோருக்கும் தெரியும்.

இதில் நாங்கள் பேசாமல் விடும் விஷயங்கள் இரண்டு இருக்கின்றன.

ஒன்று, அந்தக் காலத்தில் கல்வி அமைச்சராக இருந்தவர் எங்கள் கலாநிதி பதியுதீன் மஹ்மூத். கம்பளை ஸாஹிராவைக் கட்டியெழுப்பியவர். முஸ்லிம் பாடசாலைகளுக்கும் முஸ்லிம் ஆசிரியர்களுக்கும் அவர் செய்ததை நாங்கள் மறக்க முடியாது. அவருக்காக இன்றும் துஆ கேட்கிறோம். ஆனால் தரப்படுத்தலும் அவருடைய அமைச்சின் கீழ்தான் நடந்தது. தமிழ் ஆசிரிய நண்பர் ஒருவரோடு அமர்ந்து "எங்களுக்கு அநியாயம்" என்று பேசும்போது அவர் மனதில் என்ன ஓடும் என்று நாங்கள் யோசிக்க வேண்டும்.

இரண்டு, அந்த 250 தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் வைத்த புள்ளியல்ல. தமிழ் மொழிமூலம் எழுதிய முஸ்லிம் பிள்ளையும் அதே 250ஐத்தான் தாண்ட வேண்டியிருந்தது.

இந்த விஷயத்தைக் கணக்கோடு எடுத்துப் பேசியவர்களில் ஒருவர் பேராதனை வரலாற்றுத் துறையைச் சேர்ந்த சி.ஆர். டி சில்வா. எழுபதுகளின் நடுப்பகுதியில் எந்தப் பீடத்துக்கு, எந்த வருடம், எந்த மொழிமூலம், எந்த மாவட்டத்திலிருந்து எத்தனை பேர் என்று எடுத்து, ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். பெரிய அடி இலங்கைத் தமிழர் மேல்தான் விழுந்தது என்று அந்தச் சிங்கள அறிஞரே முடிவு எழுதினார். ஐம்பது வருடம் கழிந்தும் தரப்படுத்தல் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய இலக்கங்களை எடுக்கிறார்கள். அன்று மேடையில் கத்திய எத்தனை பேருடைய பேச்சு இன்று எங்களிடம் இருக்கிறது?

இனி இன்றைய நிலை.

மாவட்டக் கோட்டா பலமுறை மாறி வந்து, இப்போது பல கற்கைநெறிகளுக்கு இப்படி இருக்கிறது: 40 வீதம் அகில இலங்கைத் திறமை. 55 வீதம் மாவட்ட ரீதியாக, சனத்தொகைக்கு ஏற்ப. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. இனத்துக்கு என்றோ மதத்துக்கு என்றோ பங்கு கிடையாது. ஆகவே "முஸ்லிம்களின் பங்கைக் குறைத்துவிட்டார்கள்" என்று சொல்லும்போது, அப்படி ஒரு பங்கே அந்தக் கணக்கில் இல்லை என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். எங்களுக்குக் கிடைப்பது கண்டி மாவட்டப் பிள்ளை என்ற முறையில் கிடைப்பது.

நாடு முழுவதும் உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோர் அண்மைய வருடங்களில் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகம். அரச பல்கலைக்கழகங்கள் எடுப்பது நாற்பதாயிரத்துச் சொச்சம். தகுதி பெற்ற நால்வரில் ஒருவருக்குத்தான் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூவர் வீட்டிலும் "எங்களுக்கு அநியாயம்" என்ற உணர்வு இருக்கத்தான் செய்யும். சிங்கள வீட்டிலும் இருக்கும், தமிழ் வீட்டிலும் இருக்கும். 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியாவிலும் நடந்ததைக் கண்ட எங்களுக்கு எதைப் பார்த்தாலும் சதியாகத் தெரிவது இயல்புதான். அந்தக் காயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காயத்தை வைத்து வெட்டுப்புள்ளியை வாசித்தால் உண்மையான அநியாயம் கண்ணில் படாது.

உண்மையான அநியாயம் ஒன்று இருக்கிறது. அது கண்டி என்ற பெயருக்குள்ளேயே இருக்கிறது.

பின்தங்கிய 16 மாவட்டங்களில் நுவரெலியா இருக்கிறது, பதுளை இருக்கிறது. கண்டி இல்லை. ஏன் இருக்கப் போகிறது? திரித்துவக் கல்லூரி, தர்மராஜ, மகாமாயா, கிங்ஸ்வூட், பெண்கள் உயர்தரப் பாடசாலை எல்லாம் இருக்கும் மாவட்டம். பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கும் மாவட்டம். ரியூஷன் என்றால் கண்டியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் தெருவுக்குத் தெரு. இந்தப் பாடசாலைகளும் இந்த ரியூஷனும்தான் கண்டி மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியை மேலே கொண்டு போகின்றன.

ஆனால் கண்டி மாவட்டம் என்பது டவுன் மட்டுமா? கலஹா, தெல்தோட்டை, ஹந்தானை, புசல்லாவை, உடுதும்பறை, மினிப்பே, ஹசலக்க எல்லாம் இதே மாவட்டம்தான். கலஹாப் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப் பிள்ளையும் தெல்தோட்டை முஸ்லிம் பிள்ளையும் மினிப்பே விவசாயி வீட்டுச் சிங்களப் பிள்ளையும் மாவட்டக் கோட்டாவில் போட்டி போடுவது டவுன் பிள்ளையோடுதான். மலைக்கு அந்தப் பக்கம், மாவட்ட எல்லையைத் தாண்டி நுவரெலியாவில் இருக்கும் பிள்ளைக்குப் பின்தங்கிய மாவட்டச் சலுகை உண்டு. இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு இல்லை. தோட்டம் ஒன்று, லயம் ஒன்று, பாதை ஒன்று, ஆனால் வெட்டுப்புள்ளி வேறு.

இதில் ஒரு பக்கக் கதையும் சொல்ல வேண்டும். எந்த மாவட்டம் என்று தீர்மானிப்பதில், பரீட்சைக்கு முந்திய மூன்று வருடமும் பிள்ளை படித்த பாடசாலை முக்கியம். இதைத் தெரியாமல் ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் இருந்து "கண்டியில் போட்டால் நல்லம்" என்று சாதாரண தரத்துக்கு முந்தியே பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கும் பெற்றோர் இருக்கிறார்கள். நல்ல ஆசிரியர் கிடைப்பார். ஆனால் நுவரெலியா வெட்டுப்புள்ளி கைவிட்டுப் போகலாம். பிள்ளையை மாற்றுமுன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தமிழிலும் வருகிறது.

இப்போது அந்த மலைப் பாடசாலைகளுக்குள் போவோம்.

எங்கள் நாட்டில் பாடசாலைகளுக்கு வகை இருக்கிறது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருந்தால் 1ஏபி. கலை, வர்த்தகம் மட்டும் என்றால் 1சி. சாதாரண தரத்தோடு முடிந்தால் வகை 2. நாடு முழுவதும் உள்ள பத்தாயிரத்துச் சொச்சம் பாடசாலைகளில் 1ஏபி என்று இருப்பவை ஏறத்தாழ ஆயிரம்தான். அதாவது, பத்துப் பாடசாலைகளில் ஒன்பதில் படிக்கும் பிள்ளைக்கு டொக்டர், இன்ஜினியர் என்ற கனவை அந்தக் கட்டடத்துக்குள் காண முடியாது. கண்டி மாவட்டத்தில் தமிழ் மொழிமூலம் விஞ்ஞானமும் கணிதமும் ஒழுங்காக நடக்கும் பாடசாலைகளை நீங்களே எண்ணிப் பாருங்கள். இரண்டு கைவிரல் போதுமா, மிஞ்சுமா என்று கருத்துப் பகுதியில் சொல்லுங்கள்.

பெயரளவில் 1ஏபி என்றாலும் போதாது. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் கதை. டவுனிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம் போக வேண்டிய மலைப் பாடசாலை. சாதாரண தரத்தில் ஒன்பது பாடத்திலும் நல்ல பெறுபேறு. உம்மா தையல், வாப்பா கடையொன்றில் வேலை. பிள்ளைக்கு உயிரியல் செய்ய ஆசை. பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இருந்தது. பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை. ஒரு தவணை பொறுத்துப் பார்த்தாள். டவுனில் ரியூஷன் போடலாம் என்று பார்த்தால் வகுப்பு முடிந்து கடைசி பஸ் பிடிக்க முடியாது. பெண் பிள்ளையைத் தனியே அனுப்ப வீட்டார் பயந்தார்கள். இரண்டாம் தவணையில் கலைப் பிரிவுக்கு மாறினாள். நன்றாகச் செய்தாள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவள் மருத்துவ வெட்டுப்புள்ளியால் தவறியவர்களின் கணக்கில் வரமாட்டாள். அவள் அந்தப் பரீட்சையை எழுதவே இல்லையே.

என் பாடசாலையின் பழைய பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த படமும் இதுதான். விஞ்ஞானப் பிரிவில் தகுதி பெற்று வெட்டுப்புள்ளியால் தவறியவர்கள் கொஞ்சப் பேர். சாதாரண தரத்தில் கணிதம், விஞ்ஞானம் இரண்டிலும் நல்ல சித்தி பெற்றும் விஞ்ஞானப் பிரிவுக்கே போகாதவர்கள் அதைவிடப் பல மடங்கு. அவர்களில் ஆண் பிள்ளைகள் பாதிப் பேர் உயர்தரத்துக்கே வரவில்லை. நேரே கடைக்குப் போய்விட்டார்கள். சாதாரண தரப் பெறுபேறு வருமுன்பே கல்லாவில் இருப்பார்கள். "படிச்சு என்ன செய்ய, நானாட கடையப் பாக்கட்டும்" என்று சொல்லும் வாப்பாவும் பிறகு "எங்களுக்கு அநியாயம்" செய்தியை அனுப்புகிறார். இதற்கு ஆணைக்குழுவைக் குற்றம் சொல்ல முடியுமா?

கணக்கோடு போனால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2011 இஸட் புள்ளி விவகாரம். மறந்திருப்பீர்கள், ஞாபகப்படுத்துகிறேன்.

இஸட் புள்ளி என்பது ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளி சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்கும் கணக்கு. புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து நியம விலகலால் வகுப்பது. மூன்று பாடத்துக்கும் எடுத்து, அதன் சராசரியே பிள்ளையின் இஸட் புள்ளி. ஒரு பாடம் கடினமாகவும் இன்னொன்று இலகுவாகவும் இருந்தாலும் ஒப்பிடலாம் என்பதற்காகக் கொண்டுவந்தது. இதை இலங்கைக்குக் கொண்டுவந்தவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புள்ளிவிபரவியல் பேராசிரியர் ஆர்.ஓ. தட்டில். 2001இலிருந்து பாவனையில் இருக்கிறது.

2011இல் பாடத்திட்டம் மாறியது. முதல் தடவை எழுதியவர்களுக்குப் புதிய பாடத்திட்டம், மீண்டும் எழுதியவர்களுக்குப் பழையது. இரண்டுக்கும் வினாத்தாள் வேறு. ஆனால் பெறுபேறு போடும்போது இரண்டு தரப்பையும் ஒன்றாகக் கலந்து கணக்குப் பார்த்துவிட்டார்கள். இதில் என்ன பிழை? ஓர் உதாரணம். பழைய தாளில் சராசரி 60, புதிய தாளில் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால் சராசரி 50 அளவில் வரும். பழைய தாளில் 55 எடுத்தவர் தன் கூட்டத்தில் சராசரிக்குக் கீழே, ஆனால் கலந்த கணக்கில் மேலே. புதிய தாளில் 45 எடுத்தவர் தன் கூட்டத்தில் மேலே, கலந்த கணக்கில் கீழே. ஒரே கணக்கு ஒருவரைத் தூக்கி மற்றவரைத் தள்ளிவிடுகிறது.

அப்போதும் நாடு முழுவதும் கத்தினார்கள். ஆனால் சில மாணவர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இவை இரண்டு வெவ்வேறு கூட்டம், கலக்கக் கூடாது என்பதைக் கணக்காகவே எடுத்துவைத்தார்கள். 2012 ஜூனில் நீதிமன்றம் அந்த இஸட் புள்ளிகளைச் செல்லாது என்றது. இரண்டையும் வெவ்வேறாகக் கணக்கிட்டு மீண்டும் வெளியிடச் சொன்னது. வெளியிட்டார்கள். முழு நாட்டின் பெறுபேறு மாறியது. ஊர்வலமும் உண்ணாவிரதமும் செய்யாததை இரண்டு பக்கக் கணக்கு செய்தது. பிழை எங்கே என்று விரல் வைத்துக் காட்டியதால்தான் அது நடந்தது.

அதே 2012இல் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் மூன்று மாதமளவில் வேலைநிறுத்தம் செய்தார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்பது அவர்களுடைய சுலோகம். இன்றுவரை அந்த 6 வீதம் வரவில்லை. ஆனாலும் ஆட்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்த இலக்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. "கல்வியைக் கவனிக்கிறார்கள் இல்லை" என்று மட்டும் சொல்லியிருந்தால் யாரும் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

சரி, எங்களால் என்ன செய்ய முடியும்?

ஒவ்வொரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கமும் பள்ளிவாசல் கல்விக் குழுவும் சேர்ந்து ஐந்து கேள்விக்குப் பதில் எடுக்கட்டும். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், சுட்டெண் வேண்டாம். தொகை மட்டும் போதும். அதிபரிடம் அனுமதி கேட்டு, கடந்த ஐந்து வருடத்துக்கு:

1. சாதாரண தரத்தில் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல சித்தி பெற்றவர்கள் எத்தனை பேர்? ஆண் எத்தனை, பெண் எத்தனை?

2. அவர்களில் உயர்தரத்துக்கு வந்தவர்கள் எத்தனை? எந்தப் பிரிவு?

3. விஞ்ஞானம், கணிதம் தொடங்கி இடையில் பிரிவு மாறியவர்கள் எத்தனை? ஏன்?

4. பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல், இணைந்த கணிதம் ஆகிய பாடங்களுக்கு ஆசிரியர் இல்லாமல் இருந்த மாதங்கள் எத்தனை?

5. தகுதி பெற்றும் அனுமதி கிடைக்காதவர்கள் எத்தனை? அவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?

இது பெரிய ஆராய்ச்சியல்ல. ஒரு கொப்பியும் இரண்டு சனிக்கிழமையும் போதும். கண்டி மாவட்டத்தில் கண்டி, கட்டுகஸ்தோட்டை, தெனுவர, கம்பளை, வத்தேகம, தெல்தெனிய என்று ஆறு கல்வி வலயங்கள் இருக்கின்றன. வலயம் வலயமாக எடுத்து அடுக்கினால், எங்கே பிள்ளை விழுகிறது என்று தானாகத் தெரியும். பிறகு மாகாணக் கல்வி அதிகாரிகளிடம் போகும்போது "எங்கள் சமூகத்துக்கு அநியாயம்" என்று போகத் தேவையில்லை. "இந்த மூன்று பாடசாலையில் இத்தனை மாதம் பௌதிகவியல் ஆசிரியர் இல்லை. அதனால் இத்தனை பிள்ளை பிரிவு மாறியிருக்கிறது" என்று போகலாம். முதலாவதற்குத் தேநீர் தந்து அனுப்பிவிடுவார்கள். இரண்டாவதற்குக் கடிதத்தில் பதில் எழுத வேண்டிவரும்.

முக்கியமான இன்னொன்று. இதை முஸ்லிம் பாடசாலைகளோடு நிறுத்தக் கூடாது. கண்டி மாவட்டத்தில் நாங்கள் 14 வீதமளவில். எங்கள் பங்கு என்று கேட்டால் நாங்கள் 14 வீதக்காரர்கள். மற்றவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். ஆனால் "ஆசிரியர் இல்லாத தூரப் பாடசாலைப் பிள்ளை" என்று கேட்டால் தோட்டப் பிள்ளையும் எங்களோடு வருவான், மினிப்பே சிங்களப் பிள்ளையும் வருவான். அது உண்மையும்கூட. கலஹாத் தோட்டப் பாடசாலையின் கணக்கைப் பார்த்தால் எங்களுடையதைவிட மோசமாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அப்படி இருந்தால் அதையும் நாங்கள்தான் சத்தமாகச் சொல்ல வேண்டும். நீதி என்பது எங்களுக்குப் பாதகமாக இருந்தாலும் நிற்க வேண்டிய இடம் என்றுதானே எங்கள் மார்க்கம் சொல்கிறது.

சிலர் கேட்பார்கள்: "அப்ப மாவட்டக் கோட்டா பிழை என்கிறீங்களா சேர்?" இல்லை. கோட்டா இல்லாவிட்டால் கொழும்பும் கண்டி டவுனும் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும். அது வேண்டும். ஆனால் மாவட்டத்தை மட்டும் பார்ப்பது போதாது. ஒரே மாவட்டத்துக்குள் பிள்ளை படித்த பாடசாலையில் என்ன வசதி இருந்தது என்பதையும் பார்க்கும் முறை வர வேண்டும் என்பது என் கருத்து. இதிலும் ஆபத்து இருக்கிறது. நாளைக்கே டவுன்காரர்கள் பின்தங்கிய பாடசாலையில் பெயரைப் பதிந்துவிட்டு டவுனில் ரியூஷனுக்குப் போவார்கள். மாவட்டம் மாறி எழுதும் விளையாட்டை இப்போதே பார்க்கிறோம். யாருக்கு இடம் கொடுத்தாலும் அது இன்னொரு பிள்ளையிடமிருந்து எடுத்த இடம்தான் என்பதை எழுபதுகளிலிருந்து நாங்கள் படிக்க வேண்டும். ஆகவே கோட்டாவை மாற்று என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஆசிரியரை. ஒரு பௌதிகவியல் ஆசிரியரை மலைக்கு அனுப்புவதால் யாருடைய இடமும் பறிபோகாது.

இன்னும் சிலர், "கணக்கு எடுத்து வெளியில் போட்டால் எங்கள் குறைதான் அம்பலமாகும், கடைக்குப் போகும் ஆண் பிள்ளை கதை எல்லாம் வெளியே வரும்" என்பார்கள். வரட்டும். கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கியபோது எங்கள் சமூகத்தின் குறையை எங்களுக்கே எழுதிக் காட்டினார். அன்றும் பலருக்குக் கசந்தது. அதனால்தான் எங்கள் பாட்டிமாரில் சிலராவது எழுத்தறிவு பெற்றார்கள்.

அந்தப் பையன் கேட்ட மூன்று கேள்விக்கு என் பாடசாலை அளவில் இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டால், இன்ஷா அல்லாஹ், அந்தக் கொப்பியோடுதான் போவேன். பேச்சு குறுகியதாக இருக்கும். சிலருக்குப் பிடிக்காமலும் போகும்.

உங்கள் பாடசாலையில் இதை எடுக்க விருப்பமானவர்கள் உட்பெட்டியில் எழுதுங்கள். நான் பாவித்த அட்டவணையை அனுப்புகிறேன். தமிழ்ப் பாடசாலை, சிங்களப் பாடசாலை ஆசிரிய நண்பர்களும் எடுக்கலாம். சிங்களத்தில் மாற்றித் தர ஒரு நண்பர் உதவுகிறார். கண்டிப் பிள்ளைகள் என்ற பெயரில் ஒரே அட்டவணையாக வரட்டும்.

அடுத்த வெட்டுப்புள்ளி வந்து, "அநியாயம்" செய்தி உங்கள் குழுமத்துக்கு வந்தால் உடனே பகிர வேண்டாம். அனுப்பியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை பேர் எழுதின?

வஸ்ஸலாம்.